பழக்கடையில் சசூர்: முதுகலையில் தியரி படிக்கப் போகிறவர்களுக்கு

குழித்துறையிலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் பக்கத்து வீட்டுப் பெண் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. “அக்கா, மத்த பேப்பரு எல்லாம் எப்படியாவது படிச்சிரலாம். நாடகம்ணா கதை இருக்கு, கவிதைண்ணா மனப்பாடம் பண்ணலாம். இந்தத் தியரி பேப்பர்ல என்னத்தப் படிக்கதுண்ணே தெரியல்ல. வெறும் பேரா வருது. பாதிப் பேரு பிரெஞ்சுக்காரனுவ” என்றாள். வடசேரி வரும்வரை எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்று அரைகுறையாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இயற்பியலில் தியரி என்றால் ஒரு விதி, அதற்குச் சோதனை, கணக்கு எல்லாம் உண்டு. இலக்கியத் துறையில் தியரி என்று சொல்வது அந்த மாதிரிப் பொருள் இல்லை. இது ஒரு கேட்கும் பழக்கம். நாம் ‘இது இப்படித்தான், இதில் கேட்க என்ன இருக்கிறது’ என்று விட்டுவிடுகிற இடத்தில் போய் நின்று, ‘யார் இதை இப்படி ஆக்கினார்கள், எப்போது, இதனால் யாருக்கு லாபம்’ என்று கேட்பது. சசூர், பார்த், ஃபூக்கோ, தெரிதா என்று வருகிற பெயர்கள் எல்லாம் அந்தக் கேள்வியை வெவ்வேறு இடத்தில் நின்று கேட்டவர்களின் பெயர்கள். கேள்வியைப் பிடித்துக்கொண்டால் பெயர்கள் தாமாக ஒட்டும்.

ஒரு உதாரணம். அப்பாவின் சொத்து பிள்ளைக்குப் போவது இயல்பு என்றுதான் நமக்குத் தோன்றும். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடு ஒன்றில் போய் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அங்கே சொத்து மருமகனுக்குப் போகும். மருமகன் என்றால் மகளைக் கட்டியவன் இல்லை, சகோதரியின் மகன். பெற்ற பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள். தேரூர்க்காரரான கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை அந்த முறையைக் கிண்டல் செய்து ‘மருமக்கள்வழி மான்மியம்’ எழுதினார். ஒரு வீட்டின் ஐந்தாம் மனைவி தன் கதையைச் சொல்வதாக அது போகும். பிறகு 1920களில் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு முறையை மாற்றியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் மருமக்கள்வழி விநோதமாகிவிட்டது, மக்கள்வழி இயல்பாகிவிட்டது. இரண்டில் எது இயற்கை? இரண்டுமே இல்லை. இரண்டும் மனிதர்கள் ஏற்படுத்தியவை, தம்மை இயற்கை என்று காட்டிக்கொண்டவை. தியரி பேப்பர் முழுக்க வேறு வேறு வேஷத்தில் வருவது இந்த ஒரே விஷயம்தான்.

எனக்கு இது புரிந்த விதம் கொஞ்சம் வெட்கமானது. படிக்கும்போது ஒரு அசைன்மென்ட் எழுதிக் கொடுத்தேன். பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று மேற்கோள். திரும்பி வந்தபோது ‘இயல்பாகவே’ என்று நான் எழுதியிருந்த இடங்களில் மட்டும் சிவப்பு வட்டம், மொத்தம் ஒன்பது. கடைசிப் பக்கத்தில் ‘யாருக்கு?’ என்று ஒரே சொல். மதிப்பெண் குறைந்த கோபத்தில் இரண்டு நாள் அந்தத் தாளைத் தொடவே இல்லை.

சரி, சசூரில் தொடங்குவோம். எல்லாப் பாடத்திட்டமும் அங்கேதான் தொடங்குகிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. ஃபெர்தினான் த சசூர் சுவிட்சர்லாந்துக்காரர், மொழியியல் பேராசிரியர், 1913-ல் இறந்தார். அவருடைய புகழ்பெற்ற நூலை அவர் எழுதவே இல்லை. ஜெனீவாவில் அவர் வகுப்பில் உட்கார்ந்த மாணவர்களின் நோட்டுகளை வைத்து உடன் பணியாற்றியவர்கள் தொகுத்து 1916-ல் வெளியிட்டார்கள். வகுப்பில் ஒழுங்காக நோட்ஸ் எடுப்பவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம்.

அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள நம் ஊர்ப் பழக்கடை போதும். மதுரைப் பக்கத்திலிருந்து வருகிற ஒருவர் மார்த்தாண்டம் சந்தையில் போய் ‘ஒரு கிலோ வாழைப்பழம்’ என்று கேட்டால் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்ப்பார். மட்டியா, ஏத்தனா, செந்துளுவனா, ரசகதலியா, பேயனா, பாளையங்கோட்டானா? குழந்தைக்கு என்றால் மட்டி, சிப்ஸ் போட என்றால் ஏத்தன் காய், விசேஷத்துக்கு வேறு. ‘மட்டி’ என்ற சொல்லுக்கும் அந்தச் சின்ன மஞ்சள் பழத்துக்கும் இயற்கையான உறவு எதுவும் இல்லை. அதே பழத்தைப் ‘பட்டி’ என்று எல்லோரும் சொல்லியிருந்தாலும் அது அதேபோல் இனித்திருக்கும். இதைத்தான் குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இடுகுறித்தன்மை உடையது என்கிறார் சசூர். இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பள்ளிக்கூடத்தில் நன்னூல் படித்த நமக்கு இதில் பெரிய அதிர்ச்சி இல்லை. நன்னூல் சொல்வதும் சசூர் சொல்வதும் ஒன்று என்று பரீட்சையில் எழுதிவிடாதீர்கள், ஆனால் நுழைவாயிலாக வைத்துக்கொள்ளலாம்.

அதிர்ச்சி அடுத்ததில் இருக்கிறது. மட்டி என்றால் என்ன என்று ஒருவருக்குச் சொல்ல வேண்டுமானால் எப்படிச் சொல்வோம்? ஏத்தனைவிடச் சின்னது, பேயனைப் போல உருண்டை இல்லை, செந்துளுவன் மாதிரிச் சிவப்பு இல்லை. ஒரு சொல்லின் பொருள் அந்தச் சொல்லுக்கு உள்ளே இல்லை, பக்கத்தில் உள்ள மற்றச் சொற்களிலிருந்து அது எவ்வளவு விலகி நிற்கிறது என்பதில் இருக்கிறது. பொருள் என்பது வேறுபாடு. சசூர் இதற்குச் சதுரங்கத்தைச் சொன்னார். குதிரைக் காய் தொலைந்துவிட்டால் ஒரு பொத்தானை வைத்தும் ஆடலாம், மற்றக் காய்களிலிருந்து அது வேறாகத் தெரிந்தால் சரி. குறியை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒலியின் வடிவம் ஒன்று, அது மனத்தில் எழுப்பும் கருத்து இன்னொன்று. தமிழில் குறிப்பான், குறிப்பீடு என்று எழுதுகிறோம்.

இதைப் பழக்கடையோடு விட்டுவிட்டால் வெறும் மொழியியல்தான். இலக்கிய மாணவர்கள் ஏன் இதைப் படிக்க வேண்டும் என்பது துணிக்கடைக்கு வரும்போது தெரியும்.

நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் பற்றிக் குமரி மாவட்டத்தில் கேள்விப்படாதவர் குறைவு. 1820களில் தொடங்கிப் பல கட்டங்களாக நடந்தது. 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் அரசர் உத்திரம் திருநாள் ஓர் அறிவிப்பு வெளியிட்டார், அதோடு உரிமை கிடைத்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். அந்த அறிவிப்பில் இருப்பதை நிறுத்தி வாசித்துப் பாருங்கள். கிறிஸ்தவப் பெண்களைப் போல மற்ற நாடார் பெண்களும் குப்பாயம் என்கிற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம். எந்த மதத்தவரானாலும் முரட்டுத் துணியை மீனவப் பெண்கள் சுற்றுவது போலச் சுற்றிக்கொள்ளலாம். மார்பை எந்த விதத்திலும் மறைத்துக்கொள்ளலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

அந்த ‘ஆனால்’ இருக்கிறதே, அங்கேதான் சசூரின் பாடம் உயிரோடு நிற்கிறது. உடம்பு மறைவதில் அரசுக்கு இப்போது ஆட்சேபணை இல்லை. வேறுபாடு அழிவதில்தான் ஆட்சேபணை. துணி இங்கே ஒரு குறி. யார் எந்தத் துணியை எந்தப் பாணியில் போட்டார்கள் என்பதை வைத்து ஒருவரைத் தூரத்திலிருந்தே வாசிக்க முடிய வேண்டும் என்பதுதான் கவலை. எல்லோரும் ஒரே மாதிரி போட்டுவிட்டால் குறி வேலை செய்யாது. ஒரு சமூகம் தன் அதிகாரத்தைச் சட்டப் புத்தகத்தில் மட்டுமா வைத்திருக்கிறது, தோளில், முடிச்சில், துணியின் முரட்டுத்தனத்தில் எல்லாம் அல்லவா எழுதி வைத்திருக்கிறது என்று அன்று பஸ்ஸில் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய பாட்டியின் அம்மாவுக்கு அந்தப் போராட்டம் நடந்த பக்கத்து ஊர்தான்.

இதே மண்ணில் அதற்கு முன்பே ஒருவர் குறிகளைத் திருப்பிப் போட்டிருந்தார். சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர், 1809-ல் பிறந்து 1851-ல் மறைந்தவர், தம்மிடம் வந்த ஆண்களைத் தலைப்பாகை கட்டச் சொன்னார். தலைப்பாகை யாருக்கு உரியது என்று ஊருக்கே தெரிந்திருந்த காலம் அது. அய்யாவழிக் கோயில்களான பதிகளில் இன்றும் கண்ணாடியின் முன்னால்தான் வணங்குகிறார்கள். எல்லாச் சாதியாரும் நீர் எடுக்க முத்திரிக்கிணறு வெட்டினார்கள். கீழே இருந்தவர்களைக் குறித்த ‘நீசன்’ என்ற வசைச்சொல்லை அய்யாவழியினரின் புனித நூலான அகிலத்திரட்டு திருவிதாங்கூர் அரசன் மேலேயே திருப்பி எறிகிறது, கலிநீசன் என்கிறது. இதையெல்லாம் விளக்கப் பிரெஞ்சுக்காரர்கள் வர வேண்டும் என்று இல்லை. அவர்கள் சொற்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது முன்பு தெரியாத தையல்கள் தெரிகின்றன, அவ்வளவுதான்.

பிரெஞ்சு விமர்சகர் ரோலான் பார்த் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1957-ல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் மல்யுத்தம், சோப்புத்தூள் விளம்பரம், வறுத்த உருளைக்கிழங்கு பற்றியெல்லாம் எழுதினார். ஒரு குறி முழுசாக இருக்கிறது. அதை எடுத்து இன்னொரு பெரிய பொருளுக்குக் குறிப்பான் ஆக்கினால் அதைத் தொன்மம் என்கிறார். மரச்சீனிக் கிழங்கை, அதாவது மரவள்ளியை, எடுத்துக்கொள்ளுங்கள். 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அரிசிப் பஞ்சத்துக்கு மாற்றாக அதை ஊக்குவித்தார். நீண்ட காலம் அது இல்லாதவர்கள் சாப்பாடு. இன்று நட்சத்திர ஓட்டல் அட்டையில் மண் சட்டியில் மீன்கறியோடு வந்து ‘பாரம்பரியம்’ ஆகிவிட்டது. கிழங்கு அதே கிழங்கு. பசியின் வரலாறு மட்டும் தட்டிலிருந்து துடைக்கப்பட்டிருக்கிறது. வரலாற்றை இயற்கையாக மாற்றிக்காட்டுவதுதான் தொன்மத்தின் வேலை என்று பார்த் சொன்னதன் சாரம் இதுதான்.

அடுத்து, பலரும் தடுக்கி விழுகிற ஒரு பெயர்க் குழப்பம். கிரிட்டிகல் தியரி என்பதற்கு இரண்டு பொருள் உண்டு. குறுகிய பொருளில் அது ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் பள்ளி. 1923-ல் தொடங்கிய சமூக ஆராய்ச்சி நிறுவனம் அது, ஹிட்லர் வந்ததும் நியூயார்க்குக்குப் பெயர்ந்தது. மாக்ஸ் ஹார்க்ஹைமர் 1937-ல் எழுதிய கட்டுரையிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. அவரும் அடோர்னோவும் சேர்ந்து ‘பண்பாட்டுத் தொழில்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். சினிமாவும் ரேடியோவும் தொழிற்சாலைச் சரக்கு போலத் தயாராகி நம்மை மயக்கி வைக்கின்றன என்பது அவர்கள் கட்சி. விரிந்த பொருளில் கிரிட்டிகல் தியரி என்றால் சசூர் வழியில் வந்த அமைப்பியலில் தொடங்கிப் பெண்ணியம், பின்காலனியம் வரை எல்லாம். வினாத்தாளில் எந்தப் பொருளில் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுத வேண்டும்.

பண்பாட்டு ஆய்வு இங்கிலாந்துச் சரக்கு. ரயில்வே சிக்னல்காரரின் மகனான ரேமண்ட் வில்லியம்ஸ், பண்பாடு என்பது சாதாரணமானது என்று 1958-ல் எழுதினார். பரதநாட்டியமும் கர்நாடக சங்கீதமும்தான் பண்பாடு, நம் வீட்டுத் திண்ணைப் பேச்சும் கோயில் கொடையில் போடும் வில்லுப்பாட்டும் அதில் சேராது என்று நினைப்பவர்களுக்கு அது நல்ல மருந்து. 1964-ல் ரிச்சர்ட் ஹோகர்ட் பர்மிங்ஹாமில் ஒரு மையம் தொடங்கினார். அதைப் பெரிதாக வளர்த்தவர் ஜமைக்காவில் பிறந்த ஸ்டூவர்ட் ஹால். 2002-ல் அந்தத் துறையையே பல்கலைக்கழகம் மூடிவிட்டது. படிப்பு மட்டும் உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்தவர் கிராம்சி. இத்தாலியக் கம்யூனிஸ்ட். முசோலினி அரசு 1926-ல் கைது செய்தது. சிறையில் நோட்டுகளில் எழுதிக் குவித்தார், 1937-ல் இறந்தார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஆட்டிப் படைப்பவர்களை மக்கள் ஏன் ஏற்றுக்கொள்கிறார்கள்? போலீசும் சிறையும் மட்டும் காரணமாக இருக்க முடியாது. அவர்களுடைய உலகப் பார்வையை நாமே நம் பார்வையாக, பொதுப்புத்தியாக ஏற்றுக்கொண்டுவிடுகிறோம். சம்மதத்தின் மூலம் நடக்கும் இந்த ஆளுகைக்கு ஆங்கிலத்தில் ஹெஜிமனி, தமிழில் மேலாண்மை என்று பெயர், சிலர் மேலாதிக்கம் என்பார்கள்.

நம் மாவட்டத்தில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம், பீரோவைத் திறந்தால் போதும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-ல் வந்தது. சட்டம் இருக்கிறது, தண்டனை இருக்கிறது. ஆனாலும் பெண் பிறந்த அன்றே பவுன் கணக்கு தொடங்குகிறது. யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்பதில்லை. ‘நாங்க ஒண்ணும் கேக்கல்ல, உங்க பிள்ளைக்கு நீங்க போடுதீங்க’ என்பார்கள். பெண்ணின் அம்மாவும் ‘ஊரு வழக்கம் உண்டில்லா’ என்பார். கல்யாணத்தன்று கழுத்து வெறுமையாக இருந்தால் அவமானம் நமக்கே உறைக்கிறது. அரசுச் சட்டத்தையே தோற்கடிக்கிற அந்த அவமானத்துக்குத்தான் கிராம்சி பெயர் வைத்தார். படித்த பெண்ணே, சம்பாதிக்கிற பெண்ணே, தன் சம்பளத்தில் நகை சேர்த்துக்கொண்டு வரும்போது இந்தக் கருத்து எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

இங்கேயே ஸ்டூவர்ட் ஹாலையும் முடித்துவிடலாம். ஒரு செய்தியை அனுப்புகிறவர் ஒரு பொருளை வைத்து அனுப்புகிறார், வாங்குகிறவர் அதே பொருளில் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று 1973-ல் சொன்னார். டிவியில் நகைக்கடை விளம்பரம் ஓடுகிறது. ஆரம் பூட்டிய மணப்பெண், கண் கலங்கும் அப்பா. சித்தி பார்த்துவிட்டு ‘என்ன ஒரு அழகு’ என்கிறார், அவர்கள் நினைத்தபடியே வாசித்துவிட்டார். அம்மா ‘நல்லாத்தான் இருக்கு, நமக்குக் கம்மல் போதும்’ என்கிறார், பேரம் பேசி வாசிக்கிறார். மகள் ‘அந்த அப்பா எதுக்கு அழுதாரு, லோன் நெனச்சா?’ என்கிறாள், எதிர்த்து வாசிக்கிறாள். ஒரே சோபாவில் மூன்று வாசிப்பு.

பிரெஞ்சு மார்க்சியரான அல்தூசர் கருத்தியல் பற்றி எழுதிய 1970 கட்டுரையை நிறையப் பேர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதில் ஒரு காட்சியை மட்டும் பிடித்துக்கொண்டால் மீதி வழிக்கு வரும். தெருவில் போலீஸ்காரர் ‘ஏய், நீதான்’ என்று கூப்பிடுகிறார். ஒருவர் திரும்பிப் பார்க்கிறார். திரும்பிய அந்தக் கணத்தில் அவர் அதிகாரத்துக்கு உட்பட்ட ஆள் ஆகிவிடுகிறார். கருத்தியல் நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, நாம் ‘ஆமாம், நான்தான்’ என்று திரும்புகிறோம். நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் போலீஸ்காரர் தேவையில்லை. ‘மக்களே, ஊரு எது?’ ‘யாருக்க மோளு?’ ‘எந்தச் சபை?’ மூன்று கேள்வி போதும். மூன்றாவது பதில் வாயிலிருந்து வருவதற்குள் நம் சாதி, சொத்து, யாரைக் கட்டலாம், எந்தப் பந்தியில் யாரோடு உட்காரலாம் என்பதெல்லாம் முடிவாகி, நமக்கென்று ஓர் இடம் தயாராகியிருக்கும். கேட்கிற பெரியம்மாவுக்கு நம்மேல் அன்புதான். அன்போடு கேட்பதால்தான் அது இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

தெரிதாவுக்கு வருவோம். 1967-ல் ஒரே வருடத்தில் மூன்று புத்தகம் வெளியிட்ட மனிதர். அவர் பெயரைக் கேட்டாலே வகுப்பில் ஒரு பெருமூச்சு கிளம்பும். போதாக்குறைக்கு அவருடைய ‘டீகன்ஸ்ட்ரக்ஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழில் கட்டுடைத்தல், தகர்ப்பமைப்பு, கட்டவிழ்ப்பு என்று ஆளுக்கொரு சொல். எந்தச் சொல்லானாலும் இடித்துத் தள்ளுவது என்று பொருள் இல்லை. ஒரு ஜோடி எதிர்நிலைகளை எடுத்துக்கொள்கிறார்: பேச்சு–எழுத்து, தூய்மை–கலப்பு, மையம்–ஓரம். ஒன்று உயர்ந்தது, மற்றது அதன் கெட்டுப்போன வடிவம் என்று நாம் வைத்திருப்போம். உயர்ந்தது என்று சொல்வதற்கே தாழ்ந்தது தேவைப்படுகிறது, அதன் சுவடு இதற்குள்ளேயே இருக்கிறது என்று பிரதிக்குள்ளிருந்தே காட்டுவதுதான் அவர் வேலை.

விளவங்கோடு பக்கத்திலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன யாரையும் கேளுங்கள். ‘நீங்க பேசறது மலையாளம் மாதிரி இருக்கே’ என்று ஒருவராவது சொல்லியிருப்பார். நாம் உறங்குகிறோம், அவர்கள் தூங்குகிறார்கள். நாம் குடிக்க வெள்ளம் கேட்டால் அவர்களுக்கு ஊரே மூழ்குகிறது. அவர்கள் தமிழ் தூயது, நம்முடையது கலப்பு. இப்போது கடலுக்குள் 133 அடி உயரத்தில் நிற்கிறவரின் நூலைத் திறப்போம். சாவை உறக்கத்தோடு ஒப்பிடும் 339-ஆம் குறளில் வள்ளுவர் போட்ட சொல் ‘உறங்குவது’. நீரின் ஆழத்துக்கு ஏற்ப மலர்த்தண்டு நீளும் என்று சொல்லும் 595-ஆம் குறளில் நீருக்குச் சொன்ன சொல் ‘வெள்ளம்’. ‘தூங்கு’ என்பதற்குப் பழந்தமிழில் தொங்குதல், அசைதல் என்றெல்லாம் பொருள் உண்டு.

இங்கே நிறுத்தி ‘ஆகவே எங்கள் தமிழ்தான் தூய்மை’ என்று மார் தட்டினால் அது தெரிதா இல்லை. அது ஜோடியைத் தலைகீழாகப் போடுவது மட்டும். அடுத்த அடி முக்கியம். மலையாளமே மேற்குக் கடற்கரைத் தமிழிலிருந்து பிரிந்து வளர்ந்தது என்பது மொழியியலில் பரவலான கருத்து. அப்படியானால் ‘கலப்பு’ என்று சொல்வதற்கு முன்னால் இரண்டு சுத்தமான பாத்திரங்கள் தனித்தனியாக எப்போது இருந்தன? 1956 நவம்பர் 1-ல் குமரியின் நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டோடு (அன்று சென்னை மாநிலம்) சேர்ந்தபோது வரைபடத்தில் கோடு விழுந்தது. வாயில் கோடு விழவில்லை. பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருக்கிறது, பராமரிப்பது கேரள அரசு. தூய்மை, கலப்பு என்ற பிரிவே ஆட்டம் காணும் இடத்தில் நாம் குடியிருக்கிறோம்.

இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளரான ஃபூக்கோவைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயங்குகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த உதாரணம் சிரித்துக்கொண்டு சொல்லக்கூடியது இல்லை. அவருடைய மையச் சொல்லான ‘டிஸ்கோர்ஸ்’ என்பதற்குத் தமிழில் சொல்லாடல் என்று பெயர். பேச்சு என்று மட்டும் புரிந்துகொண்டால் தப்பு. ஒரு விஷயத்தைப் பற்றி எதைச் சொல்லலாம், யார் சொன்னால் செல்லும், எந்தத் தாளில் இருந்தால் அது உண்மை என்பதைத் தீர்மானிக்கும் விதிகளின் தொகுப்பு அது. அறிவும் அதிகாரமும் அங்கே ஒன்றையொன்று உண்டாக்கிக்கொள்கின்றன.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களில் பலர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அவர் இல்லை. தாளில் அவர் ‘காணாமல் போனவர்’. அன்று நடப்பிலிருந்த இந்தியச் சாட்சியச் சட்டப்படி ஒருவரைப் பற்றி ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாவிட்டால்தான் இறந்ததாகக் கொள்ள முடிந்தது. இறப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் காப்பீடு இல்லை, வங்கிக் கணக்கு அசையாது. அவர் மனைவியைத் தாள் விதவை என்று சொல்லாது, வீடு அப்படித்தான் நடத்தும். பின்னர் அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்தி நிவாரணம் கொடுத்தது. ஆனால் அந்த இடைவெளியில் ஒரு சொல் எத்தனை வீட்டு வாழ்க்கையை நிறுத்தி வைத்தது என்று யோசியுங்கள். வாடை, கச்சான் என்று காற்றைப் பார்த்துக் கடல் வாசிக்கத் தெரிந்தவர்களின் அறிவுக்கு ஒரு தாளிலும் கட்டம் இல்லை. இதைத் தெரிந்துகொண்டு ஃபூக்கோவின் வரிகளுக்குப் போனால் அவை கடினமாக இருக்காது. கனமாக இருக்கும்.

இனி பரீட்சை விஷயம். கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் ஆங்கிலப் பாடத்துக்குப் பத்து அலகுகள். அதில் பண்பாட்டு ஆய்வு ஏழாவது, இலக்கிய விமர்சனம் எட்டாவது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய தியரி ஒன்பதாவது. அதனால் எம்.ஏ.யில் கைடு படித்துத் தாண்டினாலும் இது பின்னால் வந்து நிற்கும். படிக்கும் முறை பற்றி எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. முதலில் ஓர் அறிமுக நூலில் பத்துப் பக்கம், உடனே மூலத்திலிருந்து ஒரு சின்னக் கட்டுரை. பார்த்தின் ‘ஆசிரியரின் மரணம்’ சில பக்கம்தான். அதைச் செராக்ஸ் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றுங்கள். புரியாத வரிக்குப் பக்கத்தில் தமிழில், அதுவும் வீட்டில் பேசுகிற தமிழில், எழுதுங்கள். அம்மாவிடம் சொல்லிப் பார்த்து அவர் ‘இதுக்கா இவ்வளவு’ என்று கேட்டால் புரிந்துவிட்டது என்று பொருள்.

தமிழில் இது புதிதாக இறக்குமதியான சங்கதியும் இல்லை. தமிழவனின் ‘ஸ்ட்ரக்சுரலிசம்’ 1982-லேயே வந்துவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிறுபத்திரிகைகளில் அமைப்பியலுக்கும் பின்நவீனத்துவத்துக்கும் நடந்த சண்டைகள் கொஞ்சநஞ்சம் இல்லை. 1988-ல் சுந்தர ராமசாமி காலச்சுவடு தொடங்கியது நாகர்கோவிலில்தான். ஆங்கிலத் துறை மாணவர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை, அது எனக்குக் குறைதான்.

ப்ராஜெக்ட் எழுதும்போது வரும் பெரிய ஆபத்து இடியாப்ப உரல். தியரி என்ற உரலில் எந்த நாவலைப் போட்டுப் பிழிந்தாலும் ஒரே மாதிரி நூல் நூலாக விழும். ‘இந்த நாவலில் பெண்ணியம்’, ‘இந்த நாவலில் பின்காலனியம்’ என்று தலைப்பு வைத்தால் முடிவு முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் கேட்க ஒன்றும் மிஞ்சாது. நாவல் எங்கே அந்த உரலுக்குள் அடங்க மறுக்கிறதோ அங்கேதான் உங்கள் அத்தியாயம் இருக்கிறது.

பஸ்ஸில் பேசிய பெண் போன மாதம் போன் செய்தாள். நாவல் வேண்டாம் என்று முடிவு செய்து, வீட்டுப் பரணில் கிடந்த பழைய கல்யாண அழைப்பிதழ்களை ஆய்வுக்கு எடுத்திருக்கிறாள். நாற்பத்துமூன்று இருக்கிறதாம். தேதிவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஒண்ணு கவனிச்சேன். பொண்ணுக்க அப்பா எங்க வேல பாத்தாருண்ணு எல்லாத்துலயும் உண்டு, ரிட்டயர்டுண்ணா அதும் உண்டு. அம்மைக்க பேரு மட்டும்தான் போட்டிருக்கு. இதுல ஒரு அம்மை எனக்க டீச்சராக்கும், முப்பது வருசம் சர்வீசு. இதுக்கு நான் யாரைப் படிக்கணும்?”

“இப்போ யாரையும் படிக்காண்டாம். நாப்பத்துமூணையும் பாத்து முடி.”

“பதினேழு பாத்தாச்சு” என்றாள்.